கிணற்றடியிலிருந்து கிளம்பிய வீடு

நேற்று கானாடுகாத்தானில் உன் அறையைத் திறந்தோம். கதவைத் தள்ளியதும் கிராம்பு வாசனை அடித்தது. உன் ஆத்தாவின் காரியத்துக்கு வந்தபோது நீ மாடத்தில் வைத்துவிட்டுப் போன சிகரெட் பாக்கெட் அப்படியே இருந்தது. உன் தீவுக்காரர்கள் கிராம்புத் தூள் கலந்து புகைக்கிற சாதி. நீ அதை இழுக்கும்போதெல்லாம், பல்வலிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்று நான் சொல்வேன். நீ வேண்டுமென்றே என் முகத்தில் ஊதுவாய்.

அறையைத் திறந்தது உன்னை நினைத்து அல்ல. வீட்டை ஓட்டல் நடத்தக் குத்தகைக்கு விடப் போகிறார்கள். மற்ற பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. உன் பங்கு மட்டும்தான் பாக்கி. அது இப்போது உன் மனைவி ரத்னாவுக்கும் உன் மகளுக்கும் உரியது. நான் காரைக்குடியில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன், பள்ளிக்கூடத்திலிருந்து உன் கூட்டாளி வேறு. உன் தம்பி என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதற்கு இரண்டும் காரணம்.

"அண்ணே, அவுகளுக்கு அங்குட்டு வீடு இருக்குல்ல? இந்த ஒத்த அறைய வச்சு என்ன செய்யப் போறாக? பங்க விட்டுக்குடுத்ததா ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி அனுப்புங்க. நீக சொன்னா கையெழுத்துப் போட்டுருவாக," என்றான்.

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கூரை ஒழுகுகிறது, வருஷா வருஷம் ஓடு மாற்ற அவன்தான் அலைகிறான். ஆனால் அங்கே வீடு இருக்கிறதா என்பது லேசான கேள்வி இல்லை. இருக்கிறது என்றாலும் முழு உண்மை இல்லை, இல்லை என்றாலும் முழு உண்மை இல்லை. அந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அது போன போக்கையும் பார்த்திருக்கிறேன்.

படகுத்துறை கட்டுகிற வேலைக்கு இன்ஜினியராக இந்தோனேசியாவில் சுலாவெசிப் பக்கம் ஒரு தீவுக்குப் போனவன் நீ. துறை கட்டி முடிந்தது, கம்பெனி திரும்பியது, நீ மட்டும் ரத்னாவைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாய். பல வருஷம் கழித்து எனக்கு டிக்கெட் எடுத்து அனுப்பினாய். விமானம் மாறி, வேன் ஏறி, கடைசியில் ஒரு மீன்பிடிப் படகில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து இறங்கினேன். துறையில் நின்றுகொண்டு, "வாடா பத்திரம்," என்றாய். அந்தப் பெயரை நீ ஒருவன்தான் கூப்பிட்டாய்.

ஒரு பக்கக் கடலோரத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒரு பீடி பிடித்து முடிப்பதற்குள் நடந்துவிடலாம், அவ்வளவு சின்ன ஊர். எல்லாம் மர வீடுகள், ஆள் உயரக் கால்களின் மேல் நின்றன. குடிதண்ணீருக்கு மழை, மழை இல்லாவிட்டால் நல்ல தண்ணீர் ஊறுகிற ஒரே கிணறு. பொழுது சாய்ந்ததும் ஜெனரேட்டர் ஓடும், கொஞ்ச நேரத்தில் டீசல் தீர்ந்து நின்றுவிடும். எங்கு பார்த்தாலும் மீன் காய்ந்தது, கொப்பரை புகைந்தது. ஆஸ்பத்திரிக்கு வேறு தீவுக்குப் போக வேண்டும். நான் தேடியது எல்லைக்கல்லை. ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

"இது யாரு பேர்ல இருக்கு?" என்று உன் வீட்டைக் காட்டிக் கேட்டேன்.

"வீடு ரத்னா பேர்ல. அதாவது, அவளும் நானும் கட்டுனது, ஊருக்கே தெரியும்."

"மண்ணு?"

"அவ மாமன் வகையறாவோடது. இருக்கச் சொன்னாக, இருக்கோம்."

"பட்டா?"

நீ சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்து ரத்னா எட்டிப் பார்த்தாள். அவளுக்கு நீ ஏதோ விளக்கினாய், அவளும் சிரித்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. நாளைக்கு மாமன் மகன் வந்து எழுந்திரு என்றால் என்ன செய்வாய் என்று கேட்டேன். என் வாய் முகூர்த்தம், இரண்டு மூன்று நாளில் அவனே வந்தான். கல்யாணம் ஆகியிருக்கிறதாம், உன் வீடு நிற்கிற கிணற்றடி இடத்தில் வீடு போட ஆசைப்படுகிறானாம். வாசலில் உட்கார்ந்து காப்பி குடித்தபடி, தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான். நீயும் சரி என்று தலையாட்டிவிட்டாய்.

அன்று முழுவதும் நான் உன்னிடம், நெடுநாள் குடியிருந்தவனுக்குச் சேர்கிற அனுபவ பாத்தியதை பற்றிப் பாடம் எடுத்தேன். தடை உத்தரவு வாங்க வேண்டும் என்றேன். எந்தக் கோர்ட்டில், மீன் கோர்ட்டிலா என்று கேட்டாய்.

மறுநாள் காலையில் ஊர் ஆண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். கனத்த மூங்கில்களை வீட்டின் அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார்கள். ரத்னா அடுப்பையும் பானைகளையும் வெளியே எடுத்து வைத்தாள், மற்றதெல்லாம் உள்ளேயே இருந்தது. ஒருவர் குரல் கொடுக்க, எல்லோரும் தோளைக் கொடுத்து எழுந்தார்கள். சன்னலில் திரைச்சீலை ஆட, கொடியில் உன் சட்டை தொங்க, வீடு கிணற்றடியிலிருந்து கிளம்பி நடந்து போனது. உன்னை வெளியேற்ற வந்த மாமன் மகன் முன்வரிசையில் தோள் கொடுத்திருந்தான். நீயும் ஒரு மூங்கிலைப் பிடித்திருந்தாய். நான் மட்டும் கையில் உன் சுவர்க் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். எத்தனையோ வீடுகளுக்கு நான்கு எல்லை எழுதியவன் நான். வடக்கே இன்னார் வீடு, கிழக்கே பொது வீதி என்று எழுதும்போது, அந்த இன்னார் வீடு ஒருநாள் எழுந்து போகும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

புது இடத்தில் இறக்கி வைத்ததும் பொரித்த மீனும் சோறும் போட்டீர்கள். "நம்மூரு வீட்ட இப்படித் தூக்க முடியுமாடா?" என்று கேட்டாய். உன் கானாடுகாத்தான் வீட்டை நினைத்துக்கொண்டேன். அதை யாரும் தூக்க வேண்டாம், ஒரு சன்னல் கதவை மாற்றவே பங்காளிகள் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இவ்வளவு அழகாக இருக்கிற ஏற்பாட்டில் ஓட்டை இல்லாமல் போகாது. சில வருஷம் கழித்து நீயே போன் செய்தாய். குரலில் சிரிப்பு இல்லை. ஏதோ ஒரு சொகுசு விடுதிக் கம்பெனி, தீவின் கிழக்குக் கரை முழுவதையும் கேட்டு அரசாங்கத்திடம் போயிருக்கிறது. படகு ஏற்றுவதும் மீன் காயப்போடுவதும் அந்தக் கரையில்தான், ஊரின் பிழைப்பே அங்கேதான். ஆனால் வீடு ஒன்றும் இல்லாததால் வரைபடத்தில் காலி இடம் என்று போட்டிருந்தார்கள்.

"காயிதம் இல்லாதவன் வந்து நின்னா உங்க ஆபீசுல மொதல்ல என்னடா கேப்பாக?"

"யாரு குடியிருக்கான்னு கேப்பாக. அடுப்பு எரியுதா, அக்கம்பக்கத்தான் சாட்சி சொல்லுவானான்னு பாப்பாக. மத்ததெல்லாம் பெறகு."

"அம்புட்டுத்தானே," என்று போனை வைத்துவிட்டாய்.

பிறகு உன் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கிழக்குக் கரையில் காற்று முகத்தில் அறையும், அங்கே யாரும் வீடு வைப்பதில்லை. வீடுகளை அங்கே கொண்டுபோவோம் என்று நீ சொன்னபோது ஊர் தயங்கியது. ரத்னா அடுப்பைத் தூக்கி வெளியே வைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு மூங்கில் கொண்டுவரச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதலில் உங்கள் வீடு போனது, பின்னாலேயே மற்றவை. அளக்க வந்த அதிகாரிகள் காலி இடத்தைத் தேடியபோது அங்கே சோறு கொதித்துக்கொண்டிருந்ததாம்.

கம்பெனியின் வேலி உன் வீட்டுப் படிக்கு அந்தப் பக்கமே நின்றது. இன்னும் அங்கேதான் நிற்கிறது. விசாரணை முடியவில்லை. நீ அதைப் பார்க்க இருக்கவில்லை. அந்த மழைக்காலத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய், கடல் கொந்தளிப்பில் படகு அடுத்த தீவு போய்ச் சேர நேரமாகிவிட்டது. உன் மேல் எனக்குக் கோபம் உண்டு. மாத்திரை போடுகிறாயா என்று கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றினாய். உன்னைப் போல என்னைக் கிண்டல் செய்ய இப்போது ஆள் இல்லை, அது எனக்குப் பெரிய குறைதான்.

நேற்று சாயங்காலம் உன் அறை வாசலில் நின்றே உன் மகளுக்குப் போன் போட்டேன். உன் தம்பி பக்கத்தில் நின்றான். அந்தப் பெண் பேசுகிற தமிழ் உன் தமிழ், கண்ணை மூடினால் நீதான். குத்தகை விஷயத்தைச் சொன்னேன், விடுதலைப் பத்திரம் என்றால் என்ன என்றும் சொன்னேன். அவள் தாயிடம் அவர்கள் மொழியில் கேட்டாள். அலைச் சத்தத்துக்கு நடுவே ரத்னாவின் குரல் கேட்டது.

"மாமா, அந்த அறையில இப்ப யாரு இருக்காகன்னு அம்மா கேக்குறாக."

"யாரும் இல்லம்மா. பூட்டிக் கெடக்கு."

மறுபடி பேச்சு. பிறகு, "அம்மாவால இங்கேருந்து அசைய முடியாது மாமா. அடுப்பு அணைஞ்சா காலி இடம்னு எழுதிருவாக. நான் வாரேன். வந்து அங்க இருக்கேன். கையெழுத்த அப்பறம் யோசிப்போம்." சிரிப்போடு சொன்னாள்: "இன்னொண்ணும் கேக்குறாக. அந்த அறையத் தூக்க எத்தன பேரு வேணும்?"

போனை வைத்துவிட்டு உன் தம்பியிடம், "இந்த அறை காலியில்லப்பா, ஆள் வருது," என்றேன். அவன் ஓட்டல்காரர்களுக்கு என்ன சொல்வது என்று யோசித்திருப்பான். கடைசியில், "அந்தப் புள்ளைக்கு நம்ம சாப்பாடு ஒத்துக்கிருமாண்ணே?" என்று கேட்டான்.

சிகரெட் பாக்கெட்டை மாடத்திலேயே விட்டுவிட்டேன், வருகிறவள் எடுத்துக்கொள்ளட்டும். கதவைப் பூட்டி, தம்பியிடம் கேட்டு, சாவியை நானே வாங்கிக்கொண்டேன். சட்டைப் பையில்தான் இருக்கிறது. பழைய இரும்புச் சாவி, பையை ஒரு பக்கமாக இழுக்கிறது. இன்று காலை ஒருவர் வீட்டுக் கிரயம் எழுத வந்தார். அளவு கேட்பதற்கு முன்னால், "அங்க யாரு குடியிருக்காக?" என்று என் வாய் கேட்டது. அன்று போனில் உன்னோடு பேசியதிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம்.

எத்தனை பேர் வேண்டும் என்ற ரத்னாவின் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. பர்மா தேக்கும் கல்லும் சுண்ணாம்புமாக இருக்கிற வீடு, ஊரே திரண்டு தோள் கொடுத்தாலும் அசையாது என்றுதான் முதலில் சொல்ல நினைத்தேன். இப்போது யோசித்தால், அதை அசைக்க ஒருத்தி வந்து அங்கே படுத்து எழுந்தால் போதும் என்று படுகிறது.