சொல்லாமல் கொடுக்கும் வேர்

தாது வருஷம், ஆனி 6, வெள்ளி

குற்றாலம் வந்து சேர்ந்தோம். கீழப்பாவூரிலிருந்து இரண்டு வண்டி. முன் வண்டியில் என் அக்கா முத்துவடிவும் அவள் நாத்தனார் சொக்கம்மாள் மைனியும், ஆளுக்கு ஒரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. பின் வண்டியில் அக்கா புருஷன் நம்பிராஜன் அத்தானும் நானும்.

கார்த்திகையிலிருந்து அத்தானுக்குத் தூக்கம் கிடையாது, வாயும் ஓயாது. வழியில் ஒரு பனையைப் பார்த்து, "தீர்வை கட்டுனியாலே?" என்று கேட்டார்.

"நான் கட்டிட்டேன் அத்தான், அதுதான் பாக்கி" என்றேன்.

"ஒன்ன யாருலே கேட்டா, சொரி புடிச்ச பயலே!"

எனக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. புத்தி பிசகினாலும் மைத்துனனைத் திட்டும் முறையை மனுஷர் மறக்கவில்லை.

ஊரில் கோயில் தூணில் சங்கிலி போட்டு வைக்கச் சொன்னார்கள். "அதே தூண்ல என்னையும் சேத்துக் கட்டுங்க" என்றாள் அக்கா. அதனால்தான் இங்கே வந்தோம். அருவித் தண்ணீரிலும் வைத்தியர் மருந்திலும் தெளிந்தால் வீடு. இல்லாவிட்டால் சங்கிலிதான்.

ஆனி 9

தென்காசியிலிருந்து இசக்கியப்பன் வைத்தியர் வந்தார். அவர் அத்தானுக்கு நாடி பிடித்தார், அத்தான் மறு கையால் வைத்தியருக்கு நாடி பிடித்தார். "உமக்கு நாளு நெருங்கிட்டுவே" என்று அத்தான் சொன்னதும் நான் முற்றத்துக்கு ஓடிப் போய்ச் சிரித்தேன்.

மருந்து சர்ப்பகந்தி வேர். பாம்புக்குட்டி நெளிகிற மாதிரி இருக்கிறது. பாம்புக் கடிக்கும் அதுதான், வயிற்றுக் கடுப்புக்கும் அதுதான், சித்தம் கலங்கித் தூக்கம் போனவனுக்கும் அதுதானாம். தலைக்கு ஏறின சூட்டைக் கீழே இறக்குமாம். துளி நக்கிப் பார்த்தேன். இதற்கு வேப்பங்காயைப் பாயசத்தில் போடலாம்.

பொடியை ஒரு ஜாடியில் கொடுத்தார். ஒரு மஞ்சாடி விதை எடை, பாலில் கலந்து, நாளைக்கு ஒரே வேளை. அப்புறம் சொன்னதுதான் வேடிக்கை.

"காப்புக் கட்டி, வாயைத் தொறக்காம மலையில புடுங்கின வேரு. குடுக்கவளும் வாயைத் தொறக்கப்படாது. வீட்டுப் பொம்பளை ஒருத்தி, ஆள் பாக்காத நேரமாக் குடுக்கணும். குடுக்கது யாருன்னு வெளிய வந்துட்டா வேருக்கு வீரியம் போயிரும்."

"எங்க வீட்டுப் பொம்பளைக வெளிய சொல்லாம ஒரு காரியம் செய்யணுமா? கஷ்டம்யா" என்றேன்.

அக்கா முறைத்தாள். மைனியும் முறைத்தாள். இரண்டு பேரும் வைத்தியரைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

ஆனி 13

அத்தான் தூங்கினார்! குறட்டை கேட்டது. அக்கா குறட்டையைக் கேட்டுக்கொண்டே அழுதாள். வேர் என்றால் வேர்தான்.

ஆனி 17

மருந்து கொடுப்பது யார் என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். "கையைக் காட்டுங்க மைனி, கசப்பு ஒட்டியிருக்கா பாப்போம்" என்றேன்.

"நாக்கை நீட்டுங்க கொழுந்தப்பிள்ள, ஒட்ட அறுத்துட்டுக் காட்டுதேன்" என்றாள்.

அக்காவிடமும் போய், "நீதானே?" என்றேன். அகப்பையைத் தூக்கினாள். பேசாமல் இருக்கத் தெரியாதவர்கள் என்று சொன்னேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனி 22

அத்தானுக்கு மூக்கு அடைத்திருக்கிறது, கண் சிவந்திருக்கிறது. சாரல் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். சாரலில்தான் நானும் நனைகிறேன். எனக்கு ஒன்றும் இல்லையே?

ஆனி 26

இன்றைக்கு அத்தான் என்னைத் திட்டவில்லை.

ஆனி 29

ஊரிலிருந்து பார்க்க வந்தவர்கள், "சாந்தம் வந்துட்டே!" என்று மங்குஸ்தான் பழம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அக்காவுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம்.

எனக்கு மனசு சரியில்லை. அத்தானின் வெற்றிலைச் செல்லத்தை ஒளித்து வைத்தேன். முன்னே என்றால் கூரை பிய்ந்து போகும். தேடவே இல்லை. கடைசியில் நானே எடுத்து மடியில் வைத்தேன். அதையும் பார்க்கவில்லை.

பிற்பாடு மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார். "எத்தனை தடவ பாலு தாரீய?"

"புத்தி தடுமாத்தத்துல கேக்காரு. இனி அதுவும் போயிரும்" என்றாள் அக்கா. மைனியும் பக்கத்தில் நின்று, ஆமாம் என்றாள். இவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போய் நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

ஆடி 2

எழுந்து நின்ற அத்தான் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார். கண் இருட்டுகிறதாம். தாங்கி உட்கார வைத்தேன். தாரை தாரையாகக் கண்ணீர்.

"ஏன் அத்தான் அழுதீய?"

"தெரியல சொரிமுத்து."

லே இல்லை, பயலே இல்லை. என் பேரை முழுசாக அவர் வாயில் இன்றைக்குத்தான் கேட்டேன். இவர் யார்? பனைமரத்திடம் தீர்வை கேட்டவர் எங்கே போனார்?

மருந்தை இரண்டு நாள் நிறுத்திப் பார்ப்போமா என்று பொதுவாகக் கேட்டேன். "நடுவுல விட்டா திரும்பிரும், அப்புறம் சங்கிலிதான்" என்று இரண்டு பேரும் என் மேல் பாய்ந்தார்கள். எனக்கு என்ன தெரியும், மூன்றாங்கிளாஸ் படிப்புதான். விட்டுவிட்டேன்.

ஆடி 5

பெரிய அருவிக்குக் கூட்டிப் போனேன். குளிக்கவில்லை. தண்ணீர் விழுகிற உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார். கையைத் தொட்டேன், பாறை மாதிரி சில்லென்று இருந்தது. விரல்கள் நடுங்கின. அவற்றை என் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

ஆடி 7

ஜாடியில் பொடி அடிமட்டத்துக்கு வந்துவிட்டது என்று அக்கா சொன்னாள். நாளைக்கு நான் தென்காசி போகிறேன். வைத்தியரிடம் அத்தானின் கண்ணீரையும் சொல்ல வேண்டும்.

ஆடி 11

இன்றைக்குத்தான் எழுத முடிகிறது. எட்டாம் தேதி நடந்ததை எழுதுகிறேன்.

வைத்தியர் திண்டில் சாய்ந்திருந்தார். ஜாடியை நீட்டினதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆவணி வரைக்கும் வாரதுக்குல்லா குடுத்தேன். அதுக்குள்ள எப்படித் தீந்துது? யாரு குடுக்கா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதானே சொல்லப்படாதுன்னீய!"

அவர் முகம் போன போக்கை எழுத வரவில்லை. "ஒண்ணுக்கு ரெண்டாப் போயிருக்குவே. சூட்டை இறக்குத வேரு உசிரையும் சேத்து இறக்கிரும். நாடி அமுங்கிரும். ஓடும்! அருவிப் பக்கம் கொண்டு போயிராதீய. பச்சத் தண்ணி மேல படப்படாது!"

சந்தைப்பேட்டையில் கடையநல்லூர் ஒலி முகம்மதுவின் குதிரை வண்டி நின்றது. "விரட்டும் பாய், விரட்டும்" என்று கத்தினேன். என்னை அறிந்த மனுஷர், ஏதோ விளையாட்டு என்று சிரித்தார். என் முகத்தைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் சாட்டையை எடுத்தார்.

வீட்டில் மைனி மட்டும் அடுப்படியில் இருந்தாள். என்னைக் கண்டதும் ஒரு கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்தாள்.

"மைனி, நீங்கதானா? சொல்லுங்க மைனி, வெளையாட்டு இல்ல, நெசமாக் கேக்கேன்!"

"ஒருத்தர்ட்டயும் சொல்லிராதீய" என்று கிசுகிசுத்தாள். "நித்தம் நாந்தான் குடுக்கேன். இன்னிக்கும் காலம்பற குடுத்தாச்சு. அவுக ரெண்டு பேரும் அருவிக்குப் போயிருக்காக."

ஓடினேன். பெரிய அருவிக்கு முன்னால் படிக்கட்டில் அக்கா, காய்ந்த வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் தேய்க்கிற ஆள் அத்தானைத் தண்ணீருக்குள் கூட்டிப் போயிருக்கிறான்.

"ஏன் இப்படி ஓடி வாரே? நீ ஜாடியைக் கொண்டு போறதுக்கு முன்னாலயே வழிச்சுக் குடுத்துட்டேன்" என்று சிரித்தாள். "இனிமே சொன்னா என்ன? பொடிதான் தீந்துட்டே. நாந்தாம்லே அது!"

கூட்டத்தை இடித்துக்கொண்டு போனேன். அத்தான் அருவிக்குத் தலையைக் கொடுத்து நின்றார். வழுக்கவும் இல்லை, தண்ணீர் தள்ளவும் இல்லை. தூங்கப் போகிறவர் மாதிரி முழங்கால் மடித்து உட்கார்ந்தார். என் தோளில் சாய்ந்தார். அத்தான், ஏதாவது திட்டுங்க, ஒரே ஒரு வார்த்தை திட்டுங்க அத்தான்னு கத்துதேன், தண்ணிச் சத்தத்துல எனக்கே கேக்கல.

சுற்றி நின்றவர்கள், குற்றாலநாதர் சன்னிதியில் இப்படி அமைய யாருக்குக் கொடுத்து வைக்கும் என்றார்கள்.

ஆடி 24

கீழப்பாவூர். காரியம் முடிந்தது. வைத்தியர் வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து வாயைத் திறக்கப் போனார். வேண்டாம் என்று தலையசைத்தேன். சாப்பிடாமல் போனார்.

ஆவணி 3

களத்து மேட்டுக்கு அக்கா தனியாக வந்தாள். "தம்பி, ஒரு நாளும் தப்பாமத்தானே குடுத்தேன். பொறவு ஏன் இப்படி ஆச்சு?"

"தப்பாமத்தான் குடுத்தக்கா" என்றேன்.

ஆவணி 5

தொழுவத்தில் வைக்கோல் போடும்போது மைனி வந்தாள். கேள்வி அதேதான்.

"தப்பாமத்தான் குடுத்தீய மைனி" என்றேன்.

ஆவணி 20

பத்து வருஷமாகப் பேசிக்கொள்ளாதவர்கள் இப்போது ஒரே பாயில் படுக்கிறார்கள், ஒரு தட்டில் தின்கிறார்கள். அவருக்குப் பிடித்த குழம்பு, அவர் நடக்கும் நடை என்று நாள் முழுக்க அவரைப் பற்றியே பேச்சு. ஊரே மெச்சுகிறது.

நான் என் வீட்டுக்குப் போகவில்லை. உழவு கிடக்கிறது என்று என் பெண்டாட்டி சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். இவர்களை இரண்டு பேராகத் தனியே விட முடியாது. கூடவே உட்கார்ந்து பழைய கோமாளித்தனம் எல்லாம் செய்கிறேன். குற்றாலம் என்று ஒருத்தி ஆரம்பித்தால் குரங்கு மாதிரி குதித்துக் காட்டுகிறேன். சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

இன்றைக்குப் பேச்சு இரண்டு தடவை மருந்துப் பக்கம் திரும்பியது.