பந்து முதலில் பட்ட இடம்

8-8-94, திங்கள்

இன்றும் குழாயில் தண்ணீர் வரவில்லை. அது கிடக்கட்டும். நேற்றைய எரிச்சலே அடங்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பேஸ்பால் பந்தயம். ஜெயித்தால் மதுரைக்குப் போகலாம். மட்டைக்காரிக்குப் பின்னால் முகக்கூண்டு மாட்டிக் குத்தவைத்துப் பந்து பிடிக்கிறவள் என் பேத்தி செல்லக்கனி. எதிராளிப் பெண்ணுக்கு இரண்டு ஸ்டிரைக் ஆகிவிட்டது. மூன்றாவதும் ஆனால் அவள் அவுட், நாங்கள் ஜெயித்தோம். பந்து மட்டையை உரசிக்கொண்டு வந்தது. செல்லக்கனி பிடித்தாள். என் இரண்டு கண்ணால் பார்த்தேன். அந்த அம்பயர் சேதுபதி கையைத் தூக்கி ஃபவுல் என்றான், விளங்காதவன். அடுத்த பந்தை அவள் விளாசினாள். தோற்றோம்.

திரும்பும்போது பஸ்ஸில், பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் எல்லார் காதிலும் விழுகிறமாதிரி, "ஒங்க பேத்தி கோட்டை விட்டுட்டாளே மதினி" என்றாள். நாக்கு அழுகிப் போகும்.

9-8-94

விளையாட்டு டீச்சர் அழகுத்தாயிடம் போனேன். சட்டப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. வாசித்துத் தமிழில் சொன்னாள்: உரசின பந்து நேரே கையுறைக்கு வந்து பிடிபட்டால் ஸ்டிரைக். பிடிபடாவிட்டால் வெறும் ஃபவுல், அதற்கு அவுட் கிடையாது. நெஞ்சுக் கவசத்தில் பட்டுத் தெறித்ததைப் பிடித்தாலும் ஃபவுல்தான். நாலு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் மண்டை அதோடு நின்றுவிடவில்லை.

"விடுங்கம்மா, முடிஞ்சு போச்சு" என்றாள். முடிந்ததாமே! யாருக்கு?

10-8-94

பந்தயம் நடத்தினவர்களுக்கு மனுக் கொடுக்காமல் விடுவதில்லை.

11-8-94

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வாசலில் ஜமால் முகமதுவிடம் போனேன். எங்கள் நிலத் தகராறுக்கு மனு டைப் அடித்துக் கொடுத்தவர்.

"கொலைக் கேஸுக்குக்கூட இம்புட்டு ஆவேசமா யாரும் வந்ததில்ல ஆச்சி" என்று சிரித்தார். சட்டத்தைச் சொன்னேன். கடகடவென்று அடித்துக்கொண்டே வந்தவர் கையை நிறுத்தினார்.

"பந்து மொதல்ல எங்க பட்டுச்சு?"

"கையுறையிலதான்."

"பாப்பா சொன்னாளா?"

"ஏன், எம் பேத்தி மேல சந்தேகமா?"

"யார் மேலயும் சந்தேகமில்ல. எதிர்த்தரப்பு மொதல்ல இதத்தான் கேப்பான். அவளக் கேட்டுட்டு வாங்க, அடிச்சுத் தாரேன்."

அந்த ஒரு வரிக்கு இடம் விட்டுத் தாளைக் கையில் கொடுத்துவிட்டார். பஸ் வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

12-8-94

கேட்டேன். துணி அலசிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

"நெஞ்சுல பட்டுத்தான் கைக்கு வந்துச்சு அப்பத்தா. அம்பயர் சொன்னது சரிதான்."

"ஏட்டி, இத ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீக? வந்ததுலருந்து அம்பயர வைஞ்சுக்கிட்டேதான இருக்கீக."

கையுறைன்னே எழுதிருவோம், யாரு பாத்தா — என்று சொல்லிவிட்டேன். நான்தான் சொன்னேன். இப்போது அதை எழுதக் கை கூசுகிறது.

"பொய்யச் சொல்லி மதுரைக்குப் போனா, அங்க வார பந்தை நீங்க வந்து பிடிப்பீகளா?" என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

என்ன திமிர். யாரைக் கொண்டு பிறந்தாளோ.

13-8-94

பேசவில்லை. அவளும்தான்.

16-8-94

மனு அலமாரியில் கிடக்கிறது. அந்த வெற்று இடத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. அவள் மேலா, என் மேலா?

2-10-94, ஞாயிறு

இங்கே மில் மைதானத்தில் பந்தயம். இன்று செல்லக்கனி மட்டை பிடித்தாள். இரண்டு ஸ்டிரைக். அடுத்த பந்து மட்டையை உரசி, நேரே பின்னால் குத்தவைத்திருந்த எதிராளிப் பெண்ணின் கையுறைக்குள் போய் உட்கார்ந்தது.

எங்கள் பக்கம் அத்தனை பேரும் எழுந்து ஃபவுல், ஃபவுல் என்று கத்தினார்கள். சண்முகத்தாய் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "மதினி, நீங்களும் கத்துங்க! ஒங்க பேத்தில்லா!"

"ஏட்டி, அவுட்டுதான், பேசாம உக்காரு" என்றேன்.

செல்லக்கனி அதற்குள் மட்டையோடு எங்கள் பக்கம் பாதித் தூரம் நடந்து வந்திருந்தாள்.