மூன்று ஒத்த அளவீடுகள்

நிலவு, தென்துருவ ஆய்வுக்கூடு 4
பதிவு: ஜெபசீலி, வேதியியல் பணி

நாள் 31, 07:10
காற்றுக் கழுவும் தொட்டிக்குப் புதுக் காஸ்டிக் சோடா கரைசல் கலந்தேன். நாங்கள் விடும் கரியமில வாயுவை உறிஞ்ச இது ஒன்றுதான். வலிமைச் சோதனை: பிப்பெட்டில் 20 மில்லி, இரண்டு சொட்டு பினாப்தலீன், பியூரெட்டில் அமிலம். இளஞ்சிவப்பு மறைந்த அளவு 19.8, 19.8, 19.8. சரி.
மற்றவர்கள் போன வாரமே தலைமை நிலையம் போய்விட்டார்கள். என் மகள் மெர்லினுக்குக் காய்ச்சல், மூன்று வயது. அதனால் நாங்கள் இருவர் மட்டும். எங்களை அழைத்துப்போகக் கணவர் செல்வின் அங்கிருந்து வண்டியில் கிளம்பிவிட்டார்.

15:40
தலைவலி. மெர்லின் பகலிலேயே இரண்டு முறை உறங்கிவிட்டாள். வாயு உணர்கருவி கெட்டு ஒரு மாதம். சுண்ணாம்பு நீருக்குள் சிரிஞ்சால் அறைக் காற்றைச் செலுத்தினேன், பள்ளிச் சோதனைதான். நான்காவது தடவையிலேயே பால்போல வெளுத்தது.
அப்படி வெளுக்கக் கூடாது.

15:55
காஸ்டிக் டிரம்மின் மூடி திருகப்படவில்லை. சும்மா வைத்தது நான்தான். செதில்கள் ஈரத்தையும் காற்றையும் இழுத்துப் பாறையாகிக் கிடக்கின்றன.

16:20
இதை எடுத்துப் படிப்பவர்களுக்கு உண்மையை எழுதுகிறேன். நாள் 22-க்குப் பிறகு நான் பியூரெட்டைத் தொடவே இல்லை. பிள்ளை இடுப்பை விட்டு இறங்கவில்லை. எப்படியும் 19.8 தானே வரும்? பிளஸ் டூ பிராக்டிகலில் லேப் அட்டெண்டர் காதில் சொல்லிவிட்டுப் போவார்: "பத்தொம்போது புள்ளி எட்டு. மூணும் ஒண்ணுபோல எழுது மக்கா, இல்லன்னா மார்க்கு போயிரும்." அப்படி எழுதிப் பழகிய கை.
இப்போது செய்தது: 3.1, 3.4, 3.2. ஒத்துவரவில்லை.

17:30
பாறையை உடைத்ததில் நடுவே கொஞ்சம் நல்ல செதில் தேறியது. இருவருக்கும் 22 மணி நேரம். செல்வின் வந்துசேர 41.
வானொலியில் அவர்: "ஷீலி, கணக்க மறுபடி போடு."
நான்: "மூணு தடவ போட்டாச்சு அத்தான். இந்த மூணும் நெசமாவே போட்டது."
"பிள்ளைக்கு மட்டும்னா?"
"நாப்பத்தொண்ணு தாண்டிரும்."
அவர்: "ஏட்டி, நான் அதுக்காகக் கேக்கல."
"தெரியும் அத்தான்."

18:10
வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவில் உள்ள சிறு அறைக்குப் போகிறேன், என் மூச்சு அவள் காற்றில் கலக்காதபடி. விண்ணுடையில் 18 மணி நேரம். செதிலில் என் பங்கு 15. மொத்தம் 33. எட்டு மணி நேரம் குறைகிறது.
செல்வின் வழியிலுள்ள பெரும் பள்ளத்தைச் சுற்றாமல் குறுக்கே வருகிறாராம், நாலு மணி நேரம் மிச்சமாகும். வண்டி கவிழும், வேண்டாம் என்றேன். கேட்கமாட்டார்.
மெர்லின் கைக்கு எட்டும்படி ரொட்டி, தண்ணீர், போர்வை. முத்தம் கொடுத்தேன். எழவில்லை.

நாள் 33, 04:30
உடைக் காற்று நேற்றே தீர்ந்தது. தட்டில் நான் கொண்டுவந்த செதிலும் செத்துவிட்டது. கண் கூசுகிறது.
உள்கதவுக் கைப்பிடியைக் கம்பியால் முறுக்கிக் கட்டினேன். மூச்சு முட்டினால் நானே திறந்துவிடுவேன். இந்த அறைக் காற்று உள்ளே போனால் அவளும் போய்விடுவாள்.

05:20
"பள்ளத்த ஏறிட்டேன் ஷீலி! ஒரு மணி நேரம். பேசிட்டே இரு."
பேசினால் மூச்சு செலவாகும். எழுதுகிறேன்.

05:50
மெர்லின் எழுந்துவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம். கதவைத் தட்டுகிறாள். வாய் அசைகிறது, தண்ணீர் கேட்கிறாளா, பக்கத்தில்தான் வைத்தேனே

நேரம் தெரியவில்லை
கம்பி என் கையில் இருக்கிறது. பாதி அவிழ்ந்திருக்கிறது. நான் எப்போது
திரும்பக் கட்ட வேண்டும் விரல்