ஐஸ் விழுந்த தொட்டி

12 ஆகஸ்ட் 2003, செவ்வாய்

சாதாரணத் தொட்டியில் நண்டின் முட்டைகள் கறுத்துவிட்டன. குளிரூட்டிய தொட்டியில் இன்னும் ஆரஞ்சு நிறம்தான். கரு வளர வளரத்தான் முட்டை கறுக்கும். குளிர்ந்த நீரில் கரு மெதுவாக வளரும் என்ற என் ஆய்வுக்கு இதுவே சான்று என்று காலையில் மகிழ்ந்தேன்.

மதியம் கரண்ட் போனது. வாட்ச்மேன் ஏழுமலை அண்ணன் ஐஸ் கட்டியை உடைத்துக் குளிர்த் தொட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா இது?"

"மிஷின் நின்னுபூட்ச்சிம்மா. ஜில்லுனு இருக்கணும்னு நீதான சொன்ன? கரண்ட் போறப்பல்லாம் போட்டுகினுதான் கீறேன்."

ஐஸ் நல்ல தண்ணீர். கரையக் கரைய, தொட்டியின் கடல்நீரில் உப்பு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. நான் தினமும் வெப்பத்தை மட்டுமே அளந்தேன். கருவைத் தாமதப்படுத்தியது குளிரா, உப்புக் குறைவா? இனிச் சொல்ல முடியாது.

"குளிருன்னே எழுதிடுடி. நண்டு வந்து சாட்சி சொல்லப் போவுதா?" என்றாள் என்னோடு ஆய்வு செய்யும் சுமதி. சிரித்துவிட்டேன்.

குளிர்தான் என்று எனக்கும் தோன்றுகிறது. தோன்றுவதை எழுத முடியாது. இரண்டு தொட்டிகளையும் காலி செய்துவிட்டேன். விடிந்ததும் சதுரங்கப்பட்டினம் போய்ப் புதிய சினை நண்டுகள் வாங்க வேண்டும். மாதக் கடைசியில் பேராசிரியரிடம் காட்டக் கையில் ஒன்றும் இருக்காது. கோபிப்பார். கோபிக்கட்டும்.