நரிகளைப் பற்றி நீ சொன்னது

அன்பு மகளுக்கு,

சேலத்தில் வனத்துறை நடத்திய கூட்டத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தும், உன் கல்யாணத்திலிருந்து தொடரும் கோபத்தில் நாம் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

நம் பக்கத்து நரிகளை யாரும் முறையாக எண்ணியதில்லை. அதனால் பத்தாண்டில் எவ்வளவு குறைந்திருக்கும் என்று நம் அனுபவத்தை நம்பி ஆளுக்கொரு மதிப்பீடு கேட்டார்கள். எருமப்பட்டிக் காடுதோட்டமெல்லாம் மாட்டு வைத்தியம் பார்த்துத் திரிந்த தைரியத்தில், "கொஞ்சந்தானுங்க கொறஞ்சிருக்கும்" என்றேன். மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள்.

நீ மட்டும், "பாதிக்கு மேல போயிருச்சுங்க" என்றாய்.

மேய்ச்சல் நிலங்கள் வீட்டுமனைகளானதையும், கோழிப்பண்ணைகளைச் சுற்றிப் பெருகிய நாய்களிடமிருந்து நரிகளுக்கு நோய் தொற்றுவதையும் விளக்கினாய். எது உறுதி, எது உன் ஊகம் என்று மறைக்காமல் பிரித்துச் சொன்னாய். அந்த நாய்களுக்கு ஊசி போட்டவன் நான்; நரிகளை நினைத்துப் பார்த்ததே இல்லை.

மறுபடி கேட்டபோது முதலில் மதிப்பீட்டை மாற்றியவன் நான்தான். நீ என் மகள் என்பதற்காக அல்ல.

வெளியே வந்ததும் அதிகாரி ஒருவர், "அந்தப் பொண்ணு யாருங்க, இத்தனை தெளிவாப் பேசுது?" என்று கேட்டார்.

"எம் புள்ளைங்க" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகவே சொன்னேன்.

பொங்கலுக்கு மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஊட்டுக்கு வா, சாமி.

உன் அப்பா