அந்தப் பேய்க்குத் தாய் இல்லையா

2024 ஜனவரி 9, செவ்வாய்

எழுது என்று கத்தரீனா சொன்னாள். முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்கிறவள். அழகாய் எழுதத் தேவையில்லையாம், ஒருவருக்கும் காட்டவும் தேவையில்லையாம். அவள் டேனிஷில் சொன்னாள், நான் தமிழில் எழுதுகிறேன்.

இன்றைக்கு வேலை வேளைக்கே முடிந்தது. வந்து சோற்றை வைத்துவிட்டு டிவியில் நாடகம் பார்த்தேன். அபிதா போன பிறகு இன்றுதான் முதல் தடவை. நவம்பரில், சில்க்போர்க்கில் வேலை முடிந்து வரும்போது, வீதியில் உறைந்திருந்த பனியில் கார் வழுக்கி - இல்லை, இதற்கு மேல் எழுத மாட்டேன். என் மகளுக்கு இருபத்தொன்பது வயது.

நாடகத்தில் பண்ணையார் வீட்டு மகன் ஒரு பெட்டையைக் கெடுத்துக் கொன்று கிணற்றில் போட்டுவிட்டான். அவள் பேயாகி அந்த வீட்டைச் சுற்றிக்கொண்டு நிற்கிறாள். செத்துப்போன பண்ணையார் படத்துக்குள் இருந்து ஒளியாய் வந்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறார். அபிதாவுக்கு இதெல்லாம் பெரிய பகிடி. என்னோடு ஒட்டிக்கொண்டிருந்து பார்ப்பாள், பாதி டேனிஷ் பாதி தமிழில் நக்கல் அடிப்பாள். "அம்மா, ஆம்பிளை செத்தால் வெளிச்சமாய் வாறார். சேட்டும் அயன் பண்ணியிருக்கு. பொம்பிளை செத்தால் மட்டும் ஏன் ஒருத்தியும் தலை இழுத்துக் கட்டுறதில்லை?"

பேசாமல் பார், இல்லாட்டி எழும்பிப் போ என்று ஏசுவேன். போகமாட்டாள்.

இன்றைக்கு நான் ஒரு சத்தமும் இல்லாமல் நாடகத்தின் ஒரு பகுதி முழுவதையும் பார்த்து முடித்தேன். கதை ஒன்றும் விளங்கவில்லை.

ஜனவரி 12, வெள்ளி

நிதுஷன் போன் பண்ணினான். சாரங்கிக்கு ஐந்தாம் மாதம், பிள்ளை நன்றாக இருக்கிறதாம். மகன் சொல்லச் சொல்ல எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. போனை வைத்தபிறகுதான் அழுதேன்.

ஜனவரி 21, ஞாயிறு

மகனும் மருமகளும் ஹேர்னிங்கில் இருந்து வந்தார்கள். சாரங்கியின் தாய் கமலாம்பிகையும் கூட வந்தா. ஆட்டிறைச்சி, புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல். எல்லாம் வைத்தேன்.

எங்கள் வீட்டு ஹோலில் இரண்டு படம் இருக்கிறது. ஒன்று இவருடைய தம்பி சிறிகாந்தன். மற்றது அபிதா. சிறி எங்களோடுதான் இருந்தவன். தொண்ணூற்றெட்டில் ஒருநாள் நல்லாய்க் குடித்துவிட்டுக் கார் ஓடி மரத்தில் அடித்துச் செத்தான். முப்பத்திரண்டு வயது, கலியாணமும் கட்டவில்லை. பாவம், நல்லவன்தான். அவன் படத்துக்கு இருபத்தாறு வருஷமாய் சின்ன மின்விளக்கு எரிகிறது. நிதுஷன் புது வேலைக்குப் போனாலும் சிறி சித்தப்பாவைக் கும்பிட்டுவிட்டுத்தான் போவான்.

கமலாம்பிகை அபிதாவின் படத்தைக் கண்டதும் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்தா. பிறகு குசினிக்குள் வந்து என் கையைப் பிடித்தா.

"செல்வம் அக்கா, குறை நினைக்காதேங்கோ. வயித்துப்பிள்ளைக்காரி வந்து போற வீடு. கலியாணம் காணாமல், ஆசை தீராமல் போன பெட்டை. படத்தை உள்ளுக்கை எங்கையும் வைச்சால் என்ன?"

"சிறியும் கலியாணம் காணாமல்தானே போனவன்."

"அவர் ஆம்பிளை அக்கா. அவர் காவல்."

நான் புட்டைக் கோப்பையில் போட்டேன். வேறு என்ன செய்கிறது? வந்த சம்மந்தியோடு சண்டை பிடிக்கிறதா?

ஜனவரி 22, திங்கள்

வேலையால் வந்து பார்த்தால் ஹோலில் ஒரு படம்தான் இருக்கிறது. இவர் அபிதாவைக் கொண்டுபோய் அவளுடைய அறைக்குள் வைத்துவிட்டார்.

"உயிரோடை இருக்கிறதுகளையும் பாக்கவேணும் செல்வம்" என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஆணி அப்படியே இருக்கிறது.

பெப்ரவரி 6, செவ்வாய்

நாடகத்தில் மலையாளத்து மந்திரவாதி வந்துவிட்டார். செம்புக்குள் அந்தப் பெட்டையை அடைக்கப் போகிறாராம்.

இன்றைக்கு எனக்கு ஒரு யோசனை. கொன்றவனுடைய தாய் எத்தனை நாளாய் அழுதுகொண்டிருக்கிறா. "என் பிள்ளை சேர்க்கையால் கெட்டான்" என்று கோயில் கோயிலாய் ஏறுகிறா. அவனுடைய பெண்சாதி தீச்சட்டி எடுக்கிறாள். அவன் கட்டிலில் படுத்து முனகுகிறான், எல்லாரும் அவனுக்குக் கஞ்சி பருக்குகிறார்கள். சரி. கிணற்றுக்குள் கிடந்தவளுக்குத் தாய் இல்லையா? அவள் வானத்தால் விழுந்தவளா? ஒரு நாளாவது, ஒரு மூலையிலாவது, "என்ரை பிள்ளை எங்கை" என்று ஒருத்தி கேட்கிறதாய்க் காட்டினார்களா? காட்டினால் பிறகு பேய் என்று பயப்பட முடியாது. ஒரு வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துபோகும்.

அபிதா இருந்திருந்தால் இதை எப்போதோ கண்டுபிடித்திருப்பாள். நான் வருஷக் கணக்காய்ப் பார்த்தும் இன்றைக்குத்தான் கண்டேன்.

பெப்ரவரி 14, புதன்

சாரங்கிக்கு இரத்தம் பட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து பார்த்துவிட்டு, பயமில்லை, இப்படி வருவது உண்டு என்று விட்டார்கள். கடவுளே, அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

பின்னேரம் கமலாம்பிகை இவரோடு போனில் கதைத்தா. நீளமாய்க் கதைத்தா. இவர் ஓம், ஓம் என்று கேட்டார்.

பெப்ரவரி 15, வியாழன்

அபிதாவை வீட்டை விட்டு அனுப்பக் கழிப்புக் கழிக்கவேண்டுமாம். ஜேர்மனியில் இருந்து ஒரு ஆள் வருவாராம். வீட்டுக்குள் நிற்கிறாளாம், அண்ணன் பெண்சாதியின் வயிற்றைப் பார்த்து ஏங்குகிறாளாம்.

சாரங்கியின் வயிற்றுப்பிள்ளைக்கென்று முதல் உடுப்பு வாங்கினவள் என் மகள். செக் பண்ணினதும், நிதுஷன் சொன்ன அன்றைக்கே, மஞ்சளில் வாத்துப் போட்டது. அவளா ஏங்குகிறாள்? அவளா?

நான் மாட்டன் எண்டு சொன்னன். நிதுஷன் போன் எடுத்து டேனிஷில் கெஞ்சினான். அவனுக்கு நம்பிக்கை இல்லையாம். சாரங்கிக்குப் பயமாம், அவள் நித்திரை கொள்ளுறாள் இல்லையாம். "அம்மா, ஒருநாள்தானே" எண்டான்.

ஒருநாள்தானே.

பெப்ரவரி 24, சனி

அந்த ஆள் வந்தார். நல்ல கார், நல்ல கோட்டு. அபிதாவின் அறையில்தான் செய்தார். மாவில் ஒரு பாவை, நீத்துப்பூசணிக்காய், தேசிக்காய், சாம்பிராணி. புகைக்கு அலாரம் அடிக்கத் தொடங்கிவிட்டது. இவர் கதிரையில் ஏறி அதைக் கழற்றினார். அவள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"பிள்ளைக்குத் தீராத ஆசை என்ன?" என்று என்னைக் கேட்டார். கலியாணம் என்று சொல்வேன் என எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.

"நாய் வளர்க்க ஆசைப்பட்டவள்" என்றேன். "சாமியறை இருக்கு எண்டு நாங்கள் விடேல்லை."

அவர் அதை விட்டுவிட்டார். மாப்பிள்ளை ஆசை என்று தானே சொல்லி மந்திரம் படித்தார்.

கடைசியாய் என்னை முன்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கதவைத் திறந்து, தண்ணீர் ஊற்றி, வெளியே பார்த்து மூன்று தரம் சொல்லவேண்டுமாம்: "போ, இனி வராதை." பெற்றவள் சொன்னால்தான் போகுமாம். தகப்பன் சொன்னால் போகாதாம். பெத்தவளின்ரை வாயாலை வரவேணுமாம்.

பின்னால் இவர், கமலாம்பிகை, நிதுஷன். முன்னால் கார் நிற்கிற இடம். அவளுடைய கார் நிற்கிற இடம் வெறுமையாய்க் கிடக்கிறது. நான் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். போ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாய் அதற்குத்தான் திறந்தேன்.

"வா பிள்ளை" எண்டன். "குளிருது, உள்ளுக்கு வா."

மூண்டு தரமும் அதைத்தான் சொன்னன்.

கமலாம்பிகை வாயைப் பொத்திக்கொண்டு சப்பாத்துப் போட ஓடினா. அந்த ஆள், இனித் தான் பொறுப்பில்லை என்றார். நிதுஷன், என்னைப் பார்க்கத்தான் பயமாய் இருந்தது போல, நிலத்தைப் பார்த்துக்கொண்டு போனான். இவர் கதவைச் சாத்தினார்.

பெப்ரவரி 25, ஞாயிறு

கூப்பிட்டுவிட்டேன். ஆகவே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பகல் முழுக்கப் பின்கதவைத் திறந்துவிட்டுக் குளிருக்குள் இருந்தேன்.

ஒன்றும் இல்லை. ஒரு சத்தம், ஒரு மணம், ஒன்றும் இல்லை. பேய் எண்டு ஒண்டு இருந்தால் முதல் எனக்கல்லோ வரவேணும்? தலையை விரிச்சுக்கொண்டு வரட்டும், எப்பிடியும் வரட்டும், நான் இழுத்துக் கட்டிவிடுவன். அவையள் எல்லாரும் அவள் வந்திடுவாள் எண்டு பயப்படுகினம். எனக்கு அவள் வரமாட்டாள் எண்டு தெரிஞ்சுபோச்சு.

மார்ச் 13, புதன்

நிதுஷன் மட்டும் வந்து போனான். சாரங்கி வரவில்லை. இனி வரமாட்டாள், தாய் விடமாட்டா. "பிள்ளை பிறக்கட்டும், பாப்பம்" என்றான்.

இல்லத்தில் நான் பார்க்கிற கிழவி ஒருத்தி, ஜன்னலில் தன்னுடைய செத்துப்போன மகளின் படத்தை வைத்திருக்கிறா. பத்தொன்பது வயதில் போனவளாம். படத்துக்குப் பக்கத்தில் ரியூலிப் பூ. ஒருவரும் பயப்படுவதில்லை. ஆனால் அந்தக் கிழவியைப் பார்க்கவும் ஒருவரும் வருவதில்லை. என் சனம், பயந்தாலும், அபிதா செத்த அன்றைக்கு நூற்றைம்பது பேருக்குச் சமைத்துக்கொண்டு வந்தது. இதற்குள் எதைக் குறை சொல்வது?

ஏப்ரல் 19, வெள்ளி

நாடகம் முடிந்துவிட்டது. பெட்டையைச் செம்புக்குள் அடைத்து, அதே கிணற்றில் போட்டுவிட்டார்கள். கொன்றவனுக்கு ஆண்பிள்ளை பிறந்து, ஊஞ்சலில் வைத்து ஆட்டுகிறான். பண்ணையாரின் படம் சிரித்தது. தாய் கடைசி வரைக்கும் வரவில்லை.

திங்கட்கிழமை புதுசு தொடங்குகிறது. பாம்பாம். பொம்பிளைப் பாம்பு.

மே 16, வியாழன்

பேத்தி பிறந்திருக்கிறாள். சுகப்பிரசவம். இவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நான் பிறகு வரலாமாம். "எப்பிடி இருக்கிறாள்?" என்று கேட்டேன். அப்படியே குளியலறைக்குள் போய்விட்டார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

யூன் 15, சனி

பேத்தியின் முப்பத்தொன்றாம் நாள் துடக்குக்கழிவு. ஹேர்னிங்கில் மகன் வீட்டில் செய்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், அது பெரிய காரியம். போகிற வழியில் இவர் சொன்னார், இண்டைக்கு அவளைப் பற்றிக் கதைக்காதை என்று. ஓம் என்றேன்.

பிள்ளையைக் கண்டேன். விரிந்த நெற்றி. இடக்கன்னத்தில் மட்டும் குழி. மேலுதடு கூராய், அப்படியே. நான் சுவரைப் பிடித்தேன். அங்கே வந்திருந்தவர்கள் எல்லாரும் அபிதாவைச் சின்னதில் தூக்கினவர்கள்தான். எல்லாருக்கும் தெரிகிறது, ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கமலாம்பிகைதான் தொடங்கினா. "அச்சொட்டாய்ச் சிறி அண்ணை. அவர்தான் வந்து பிறந்திருக்கிறார்." மற்றவர்களும் ஓம் ஓம் என்றார்கள். நெற்றி சிறியாம், சிரிப்புச் சிறியாம். பொம்பிளைப் பிள்ளைக்கு!

அப்போது பிள்ளை இவருடைய மடியில் இருந்தது. இவர் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லாருக்கும் கேட்க, "இல்லை. இது அபிதா" என்றார்.

கமலாம்பிகை வந்து பிள்ளையை மடியில் இருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனா. சாப்பாடு போட்டார்கள், சாப்பிட்டோம்.

யூன் 16, ஞாயிறு

இவர் காலையில் எழும்பி அபிதாவைக் கொண்டுவந்து பழைய ஆணியில் மாட்டினார். நேராக இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். இருக்கிறது என்றேன்.

தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார்: "செல்வம், நீ அண்டைக்கு வாசலிலை நிண்டு கூப்பிடேக்கை, பின்னாலை நிண்டு நானும் கூப்பிட்டனான். சத்தம் வரேல்லை." 

யூலை 7, ஞாயிறு

படம் இருக்கிற வரைக்கும் பிள்ளை இந்த வீட்டுக்கு வராது என்று கமலாம்பிகை சொல்லிவிட்டாவாம். நிதுஷன் சொல்லிவிட்டு, என்ன செய்வோம் என்று கேட்டான். இவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மகளையும் பேத்தியையும் ஒரே வீட்டில் வைத்துப் பார்க்க எங்களுக்கு விதியில்லை. படத்தை எடுக்கமாட்டோம் என்று இவர்தான் சொன்னார்.

செப்ரெம்பர் 14, சனி

ஹேர்னிங்கில், கடைத்தெருவில், ஒரு கோப்பிக் கடை. இப்போது இப்படித்தான் நடக்கிறது. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் சாரங்கி பிள்ளையைத் தள்ளுவண்டிலில் கொண்டுவருவாள், நாங்கள் இருந்து பார்த்துவிட்டு வருவோம். தாய்க்குத் தெரியாது. சாரங்கியும் எங்கள் முன்னால் அதிகம் கதைக்கமாட்டாள், இவ்வளவு நாளும் அவள் வாயால் அபிதாவின் பெயர் வந்ததில்லை.

இன்றைக்குப் பிள்ளையை என் கையில் தந்துவிட்டு, பாலைக் கலக்கிக்கொண்டு, தலை நிமிராமல் கேட்டாள்:

"மாமி, மச்சாள் கைக்குழந்தையிலை எத்தினையாம் மாசம் உடம்பு பிரட்டிக் குப்புறப் படுத்தவ?"

இவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"நாலு முடிய முதலே" என்றேன். "கட்டிலாலையும் விழுந்தவள்."

"அப்ப இவளையும் கவனமாய்ப் பாக்கவேணும்" என்றாள் சாரங்கி.

பிறகு இன்னும் கேட்டாள். எப்போது பல் வந்தது, எப்போது நடந்தாள், என்ன சொல்லித் தொடங்கினாள். கோப்பி ஆறிப்போகும்வரை சொன்னேன்.