வலையை எடுக்கச் சொன்னேன்

அம்மா, இன்று பக்கத்து வீட்டுக் குழந்தை விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டது. அதன் அம்மா பழுப்பு மருந்து பாட்டிலைத் திறந்ததும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். உன் வயிற்றுக் கட்டிலிருந்து வந்த அதே வாசனை.

என்னைப் பெறுவதற்காக வயிற்றைக் கிழித்துப் போட்ட தையல் வழியாகத்தான் உனக்குக் குடல் இறங்கியது. மல்லாட்டை உடைத்துப் பருப்பெடுக்கும் மில்லில் மூட்டை தூக்கத் தூக்க அது பெரிதானது. திண்டிவனம் ஆஸ்பத்திரியில், குடல் மறுபடி இறங்காமலிருக்க உள்ளே வலை வைத்துத் தைத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு தையல் சிவந்து சீழ் வைத்தது. கட்டு மாற்ற ஆள் வேண்டுமென்று நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். முதல்முறை பார்க்க முடியாமல் தலையைத் திருப்பினேன்.

"இன்னாடி மூஞ்சத் திருப்பிக்கினு? நீ வந்த வழிதான, நல்லா பாரு" என்று சிரித்தாய். சிரித்தால் உனக்கு வலிக்கும். அப்படியும் சிரித்தாய்.

மேலே தோல் மூடிக்கொண்டபோது, "காஞ்சிடுச்சுடி" என்று அக்கம்பக்கமெல்லாம் சொன்னாய். உள்ளே காயவில்லை. காய்ச்சலில் நீ நடுங்க, விழுப்புரத்துக்கு அழைத்துப் போனேன். ஸ்கேன் பார்த்த டாக்டர், கிருமி வலையிலேயே ஒட்டியிருக்கிறது, அதை எடுத்தால்தான் மருந்து கேட்கும் என்றார்.

"எடுத்துட்டா மறுபடி குடல் சரிஞ்சிடும் சார். மூட்டை தூக்க முடியாது. இவ எப்பதான் பள்ளிக்கூடம் போறது?"

"மொதல்ல உசுரு இருக்கணும்மா. பெரியவங்க யாரு வந்திருக்கீங்க?"

யாரும் இல்லை. நான்தான் இருந்தேன். யாராவது பெயரைக் கேட்டாலே உன் முதுகுக்குப் பின்னால் போகிறவள்.

"வாய்ல இன்னா, கொழுக்கட்டையா? சொல்லேன்டி. நீ சொல்றதுதான்" என்றாய்.

"எடுத்துடலாம்மா."

அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை. அடுத்த கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ, "சரிடி" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தாய்.

எடுத்தார்கள். அதற்குள் கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. நீ கண் திறக்கவில்லை.

முன்பே எடுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். எடுக்காமல் விட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாள் என்றாள் சாவுக்கு வந்த பெரியம்மா. எது நிஜம் என்று கேட்க எனக்கு உன்னைத் தவிர ஆள் இல்லை.

அதுவரை என்னிடம் யாரும் எதையும் கேட்டு முடிவெடுத்ததில்லை. நீ கேட்டாய், அம்மா. நான் சொன்னதும் ஒரு நொடிகூட யோசிக்காமல் "சரிடி" என்றாய். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?